ஐந்து முறைதான் மாற்றலாம்: ‘ஹீரோஸ்’ தொடரோடு பல ஆண்டுகள்

2007 டிசம்பரில் நியூஜெர்சியிலிருந்து வந்த மைத்துனரின் பெட்டியில், சாக்லேட் பொட்டலங்களுக்கு அடியில் ‘ஹீரோஸ்’ தொடரின் முதல் சீசன் டிவிடிகள் இருந்தன. எங்கள் காட்பாடி வீட்டு பிளேயர் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிவிடி இன்னொன்றின் பிளேயரில் ஓடாதபடி பூட்டியிருந்தார்கள். அமெரிக்க வட்டுகள் முதல் மண்டலத்தைச் சேர்ந்தவை, இந்தியா ஐந்தாம் மண்டலம். கணினியில் போட்டால் மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மொத்தமே ஐந்து முறைதான். ஐந்தாவது மாற்றத்தில் எங்கே நிற்கிறதோ, அந்த டிரைவ் ஆயுள் முழுவதும் அங்கேயே நிற்கும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. ‘சரி’ என்பதை அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்தேன். இந்தத் தொடரை எழுதியவர்களுக்கும் யாராவது அப்படி ஓர் எச்சரிக்கையைக் காட்டியிருக்கலாம்.

நான்கு சீசன்களையும் வந்த வரிசையில் பார்த்தவன் நான். முதல் சீசனை மட்டும் நான்கு முறை பார்த்துவிட்டேன். இரண்டாவது முறை பார்த்தது மின்வெட்டுக் காலத்தில். மடிக்கணினியின் பேட்டரி உயிரை விடுவதற்குள் ஓர் அத்தியாயம் முடிய வேண்டுமே என்ற பதைப்போடு பார்த்தேன். நான்காவது முறை, போன கத்திரி வெயிலில், மகளோடு. மே மாத மதியத்தில் வேலூரில் வெளியே தலைகாட்ட முடியாது என்பதால் அவளுக்கும் வேறு வழியில்லை.

டிம் கிரிங் உருவாக்கி, 2006 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் இது. சாதாரண மனிதர்களுக்கு அதிசய சக்தி வருகிறது. அவர்கள் அதை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. முதல் அத்தியாயத்தில் டோக்கியோ அலுவலகத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் ஹிரோ முகத்தைச் சுருக்கி, மூச்சை அடக்கி, கடிகாரத்தையே முறைக்கிறான். நொடி முள் ஒரே ஒரு நொடி பின்னால் நகர்கிறது. உலகத்தையே வென்றவன்போலக் கைகளைத் தூக்கிக் கத்துகிறான். பின்னால் வந்த சீசன்களில் எத்தனையோ வெடிப்புகள், மின்னல்கள். எதுவும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகவில்லை.

அதே ஹிரோ டெக்சாஸில் ஓர் உணவகத்துப் பணிப்பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். சார்லி என்ற அந்தப் பெண்ணை, அடுத்தவர்களைக் கொன்று அவர்கள் சக்தியைப் பறிக்கும் வில்லன் சைலர் கொன்றுவிடுகிறான். காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கிப் போகிறவன், கணக்குத் தவறி ஆறு மாதம் முன்னால் போய் விழுகிறான். அவளோடு பழகுகிறான், காலத்தை நிறுத்தி, ஒரு கணத்தில் ஆயிரம் காகிதக் கொக்குகளைச் செய்து உணவகம் முழுவதும் தொங்கவிடுகிறான். அப்போதுதான் தெரிகிறது, அவள் மூளையில் இரத்தம் உறைந்திருக்கிறது. சைலர் வராவிட்டாலும் அவள் பிழைக்கப் போவதில்லை. முத்தமிடப் போகும் நேரத்தில் அவன் சக்தியே அவனை ஜப்பானுக்குத் தூக்கி எறிந்துவிடுகிறது. காலத்தையே நிறுத்துகிறவனால் ஒரு பெண்ணை நிறுத்தி வைக்க முடியவில்லை. நான் இந்தத் தொடருக்கு அடிமையானது இந்த இடத்தில்தான்.

இடையில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். கதையில் மரபணு விஞ்ஞானியாக வரும் மொஹிந்தர் சுரேஷ் நம் ஊர்க்காரர். நகரத்தின் பெயர் சென்னை என்று மாறிப் பத்து வருடம் ஆன பிறகும் திரையில் மெட்ராஸ் என்றே எழுத்து வந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் மொஹிந்தர் என்று மெட்ராஸில் எந்த வீட்டில் பெயர் வைப்பார்கள்? பஞ்சாபில் தொட்டில் போட்டு, அப்பா பெயரை மட்டும் தெற்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அந்த வேடத்தில் நடித்த செந்தில் ராமமூர்த்தியின் பெயரையே வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இரண்டாவது சீசனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. 1981-இல் கோயிலுக்குச் சாமி திரும்பிவிட்டார்; அந்த இடத்தில் நான் இந்தச் சீசனைச் சேர்த்துக்கொண்டேன். கதை நகரவே இல்லை என்று கிரிங்கே ரசிகர்களிடம் ஒப்புக்கொண்டார். அதற்குள் 2007 நவம்பரில் அமெரிக்கக் கதாசிரியர்களின் வேலைநிறுத்தம் வந்து, பதினோரு அத்தியாயங்களோடு கடையைச் சாத்தினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது மூன்றாவது சீசனில். புதிய சீசன் என்றதும் மைத்துனருக்கு நினைவூட்டி, காத்திருந்து வாங்கினேன். அப்போது அம்மாவும் எங்களோடு இருந்தார். ஆரணிப் பக்கத்துக் கிராமத்தில் பாரதக் கூத்து பார்த்தே வளர்ந்தவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லச் சொல்லப் பார்ப்பார். எந்தக் காயமும் தானே ஆறிவிடும் சக்தி கொண்ட கிளேர் என்ற பெண்ணின் இரத்தத்தை ஏற்றினால் செத்தவரும் எழுந்துவிடுவார் என்று முந்தைய சீசனிலேயே சொல்லிவிட்டார்கள். இதில் சைலர் அவள் மண்டையைத் திறந்து அந்தச் சக்தியையும் எடுத்துக்கொள்கிறான். ஆக, வில்லனுக்கும் சாவு கிடையாது. அம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: “செத்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தால், ஒப்பாரி வைக்க வந்தவள் எங்கே போவாள்?”

அதற்கு மேல் ஒரு விமர்சனம் எழுத முடியாது. கர்ண மோட்சம் நடக்கும் இரவில், கர்ணன் சாவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அவன் மனைவி பொன்னுருவி வழிமறித்துப் பாடும்போது பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள் மூக்கைச் சிந்துகிறார்கள். கவச குண்டலத்தைக் கழற்றிக் கொடுத்தவனுக்கு அது திரும்பி வராது. வரும் என்றால் விடிய விடிய யார் விழித்திருப்பார்கள்?

அதைவிடப் பெரிய குற்றம் ஆண்டோ விஷயத்தில் நடந்தது. ஹிரோவின் நண்பன், எந்தச் சக்தியும் இல்லாதவன், பயத்தோடு கூடவே ஓடுகிறவன். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையை இந்தத் தொடரில் அவன் செய்துகொண்டிருந்தான். நாம் கேட்க நினைத்ததை அவன் கேட்பான். மூன்றாவது சீசனில் ஊசி போட்டால் யாருக்கும் சக்தி என்று ஒரு மருந்து வந்தது, ஆண்டோவுக்கும் சக்தி வந்துவிட்டது. கட்டியங்காரன் தலையில் கிரீடத்தையும் தோளில் புஜக்கட்டையையும் மாட்டிவிட்டால், அப்புறம் நமக்காகப் பேச அரங்கில் யார் இருக்கிறார்கள்? நம் மொஹிந்தரோ தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, தோல் செதில் செதிலாகி, ஆட்களைச் சுவரில் பூச்சிபோலக் கூடுகட்டி ஒட்டிவைத்தார். மெட்ராஸுக்கு வந்த மரியாதை இது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே சீசனின் பின்பாதியில் அவர்களுக்கே உறைத்திருக்கிறது. பக்கத்தில் நின்றாலே அடுத்தவரின் சக்தி முழுவதையும் வாங்கிக்கொண்டிருந்த பீட்டர், இனி தொட்டால்தான், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று குறைக்கப்பட்டான். உடனே அவன் வரும் காட்சிகளில் உயிர் வந்தது. எதைத் தொடுவது, எதை விடுவது என்று யோசிக்கிற மனிதனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எல்லாச் சக்தியும் இருந்த காலத்தில் நிலைமை வேறு: முதல் சீசனின் முடிவில், வாங்கிய சக்தி அடங்காமல் வெடிக்கப்போகும் பீட்டரை, பறக்கும் சக்தியுள்ள அண்ணன் நேதன் வானத்துக்குத் தூக்கிப் போகிறான். “இவனுக்கே பறக்கத் தெரியுமே, அப்பா?” என்றாள் மகள். 2007-இல் எனக்கும் அதே சந்தேகம் வந்தது, இன்னும் பதில் இல்லை.

நான்காவது சீசனைப் பலரும் பார்க்காமலே விட்டுவிட்டார்கள். மண்ணை அசைக்கும் சாமுவேலும் அவனுடைய கேளிக்கைக் கூடாரமும் அலுப்புத்தான். ஆனால் ஹிரோ மறுபடியும் சார்லியைத் தேடிப் போகிறான். இந்த முறை காப்பாற்றியும் விடுகிறான். உடனே அவளை இன்னொருவன் காலத்துக்குள் ஒளித்துவைத்துவிடுகிறான். கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் கிழவியாகக் கண்டுபிடிக்கிறான். 1940-களுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே குடும்பமாகி, பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். திரும்பிப் போய் மாற்றினால் அந்தப் பேரப்பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். மாற்றாமல் விடுகிறான். மகள் அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்தாள். அம்மா இந்தச் சீசனுக்கு இல்லை. இருந்திருந்தால் இதை ஒத்துக்கொண்டிருப்பார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் சீசனின் 23 அத்தியாயங்களையும் பார்த்துவிட்டு, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதன் பின்பாதியில் ஏறிக்கொள்ளலாம். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் நான் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். 2015-இல் வந்த மறுபிறப்புத் தொடரைத் தேட வேண்டாம்.

டிவிடிகளில் ஒன்றில் மட்டும் கீறல் விழுந்திருக்கிறது. மற்றவை இன்றும் ஓடுகின்றன. அந்தப் பழைய மடிக்கணினியில் ஐந்து மாற்றமும் தீர்ந்து, டிரைவ் முதல் மண்டலத்தில் நின்றுவிட்டது. இங்கே வாங்கிய ஐந்தாம் மண்டல வட்டுகளை அது தொடுவதே இல்லை. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாமா என்று மனைவி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.