சாவி கொடுக்கிற ஹெச்.எம்.டி. ஜனதா: வசதி வெளியே தெரிய வேண்டாம் என்பவர்களுக்கு

நேரம் பார்ப்பதற்கு மட்டும்தான் வாட்ச் என்றால் இதை வாங்க வேண்டாம், மொபைலே போதும். நான் எழுதுவது வேறு ஆட்களுக்கு. கம்பெனி கொடுத்த ஷேர் ஏறியதாலோ, அப்பா அந்தக் காலத்தில் பெங்களூர் ஓரத்தில் வாங்கிப் போட்ட ஒரு சைட்டாலோ கையில் நன்றாகவே காசு சேர்ந்துவிட்டது, ஆனால் அது ஊருக்கும் உறவுக்கும் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் இங்கே நம் ஆட்களில் நிறையப் பேர். காரைப் பழசாக வைத்துக்கொள்வார்கள், வீட்டையும் பெரிதாக்க மாட்டார்கள், ஆனால் மணிக்கட்டில் கோட்டை விட்டுவிடுவார்கள். ஒரு ஸ்விஸ் வாட்ச் போதும், பார்க்கிற ஆள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவான்.

ஜனதாவில் அந்தக் கணக்கு ஓடாது. ஹெச்.எம்.டி. நம்ம ஊர் கம்பெனி, 1953-ல் பெங்களூர் ஜாலஹள்ளியில் இயந்திரங்கள் செய்ய ஆரம்பித்த அரசு நிறுவனம், 1961-லிருந்து ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து வாட்ச் செய்தார்கள். அப்புறம் பல வருஷம் கல்யாண மாப்பிள்ளைக்கும் ரிடையர் ஆகிறவருக்கும் பரிசு என்றால் ஹெச்.எம்.டி.தான். 2016 ஜனவரியில் வாட்ச் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதனால் இன்று ஒருவர் கையில் இதைப் பார்த்தால் 'அப்பாவோட வாட்ச் போல' என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நான் இதற்கு மார்க் போடுவதே அதற்காகத்தான்.

அல்சூரில் இருக்கும் என் சித்தப்பா கையில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜனதாதான். வாடகைக்கு விட்டிருக்கும் கட்டடங்கள் எத்தனை என்று சித்திக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்த தூரத்துச் சொந்தக்காரர், தன் மகனுக்குத் தொழில் வைக்கப் பணம் வேண்டும், நம்ம சொந்தத்தில் யாரைப் பிடிக்கலாம் என்று அவரிடமே யோசனை கேட்டார். சித்தப்பா சாதத்தில் ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே, "பேங்க்லயே கேட்டுப் பாருங்க சம்பந்தி, இப்பல்லாம் சீக்கிரம் குடுக்கிறாங்க" என்றார். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

விப்ரோ கம்பெனியின் அஸிம் பிரேம்ஜி விமானத்தில் எகானமி கிளாஸில் போகிறவர் என்று இந்த ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பெரிய மனிதர்தான், 2019 மார்ச் வரை அவர் அறக்கட்டளைக்கு ஒதுக்கியதன் மதிப்பு மொத்தம் 1,45,000 கோடி ரூபாய். ஆனால் அவர் எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் அவர் யாரென்று விமானத்துக்கே தெரியும். நம்மை யாருக்கும் தெரியாது, அதனால் நம் எளிமைக்குக் கொஞ்சம் விலை உண்டு. இந்த வாட்சோடும் பழைய செருப்போடும் கார் ஷோரூமுக்குப் போய்ப் பாருங்கள், தண்ணீர் வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்க மாட்டார். ரோஷப்படுகிறவர்களுக்கு இது ஒத்து வராது. அதே சமயம் பாத்ரூம் டைல்ஸ் மாற்ற வந்த மேஸ்திரி என்னிடம் சொன்ன தொகை, எதிர் ஃபிளாட்காரரிடம் அதே வேலைக்குச் சொன்னதைவிட நன்றாகவே குறைவு. வாட்சால்தான் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது.

சரி, வாட்சுக்கு வருவோம். பேட்டரி கிடையாது, ஆட்டோமேட்டிக்கும் இல்லை, தினமும் சாவி கொடுக்க வேண்டும். உள்ளே சக்கரங்கள் தேயாமல் சுற்றுவதற்குப் பதினேழு குட்டிக் கல் (ஜுவல்) வைத்த மெஷின். ராத்திரி படுக்கும் முன் திருகை மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விரலுக்கு இறுக்கம் தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. தலையணைப் பக்கத்தில் வைத்தால் டிக் டிக் நன்றாகவே கேட்கும், என் வீட்டில் அதற்கு எதிர்ப்பு உண்டு. தேதி காட்டாது. ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போவதெல்லாம் சகஜம். டயல் இந்தக் காலத்து அளவுக்குச் சின்னது, பருத்த கை என்றால் குழந்தை வாட்ச் மாதிரி இருக்கும். மேலே இருப்பது அக்ரிலிக் கண்ணாடி, சீக்கிரம் கீறல் விழும், ஆனால் கொஞ்சம் டூத்பேஸ்ட் வைத்துத் துணியால் தேய்த்தால் லேசான கீறல் போய்விடும். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. பெங்களூர் மழையில் டூவீலரில் போகிறவர்கள் கழற்றி உள் பாக்கெட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

வாங்கும்போதுதான் ஏமாறுவார்கள். ஆன்லைனில் பழைய ஜனதா என்று வருவதில் பாதிக்கு மேல் டயலுக்குப் புதுசாக பெயின்ட் அடித்தவை என்பது என் கணிப்பு. சிவப்பு, கிளிப்பச்சை, ஓம், கடவுள் படம் எல்லாம் போட்டு பளபளவென்று இருந்தால் தொடவே வேண்டாம். டயலில் எழுத்து பிசிறடித்து இருக்கிறதா, கேஸ் தேய்ந்து டயல் மட்டும் புதுசாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜாலஹள்ளியில் ஹெச்.எம்.டி.யின் பாரம்பரிய மியூசியம் இருக்கிறது, முதலில் அங்கே போய் அசல் மாடல்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் போலியைப் பிடிப்பது சுலபம். அப்புறம் சாவி வாட்சைத் திறந்து சுத்தம் பண்ணத் தெரிந்த ரிப்பேர்க்காரர் ஒருவரையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள், மால் கடைகளில் பேட்டரி மாற்றத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இப்போது சின்னப் பசங்களுக்கு இது ஃபேஷன் ஆகிவிட்டது. ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு பையன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "சார், ஒரிஜினல் டயலா? என்ன விலைக்குக் கொடுப்பீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். அல்சூர் மார்க்கெட்டில், சோமேஸ்வரர் கோயிலில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இன்னும் பயமில்லை. இந்த மாதிரிப் பசங்கள் கூடுகிற இந்திராநகர் பக்கம் காபி குடிக்கப் போகும்போது மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.