சின்னப் படத்தில் தமிழ் எழுத்து: நிழலா, ஓரக்கோடா, பட்டையா?

காத்தான்குடிப் புடவைக்கடை முதல் கல்முனை ரியூசன் வகுப்பு வரை அறிவித்தல்கள் பலவும் இப்போது வட்ஸ்அப்பில் சின்னப் படமாகத்தான் வருகின்றன. படம் பளிச்சென்று இருக்கும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதைத்தான் விரலால் பெருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் வயதானவர் அவ்வளவு பாடுபட மாட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் நாம் எழுத வேண்டும். படத்தின்மேல் எழுத்தைத் தெளிவாகக் காட்ட மூன்று வழிகள்: எழுத்துக்கு நிழல் விழுத்துவது, எழுத்தைச் சுற்றி ஓரக்கோடு போடுவது, எழுத்துக்குப் பின்னால் பட்டை வைப்பது.

நிழலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய தலைப்புக்கு அது சரி. எழுத்து சிறுத்தால் நிழலும் எழுத்தும் ஒன்றோடொன்று கலந்து அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும்.

பலரும் விரும்புவது ஓரக்கோடு. தமிழுக்கு அதில்தான் சிக்கல். நம் எழுத்துக்களில் சுழிகள் அதிகம். கோடு தடிக்கத் தடிக்கச் சுழிகள் அடைபடும். ‘பணி’க்கும் ‘பனி’க்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். கொம்பின் மேற்சுழி அடைந்தால் ‘கொடியேற்றம்’ எது, ‘கோடியேற்றம்’ எது என்று தெரியாது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் கோட்டின் பாதி எழுத்துக்குள்ளேயே விழுந்து எழுத்தைத் தின்னும். கோடு கீழே, நிறம் மேலே வரும்படி வரிசையை மாற்றுங்கள். போட்டோஷொப்பில் கோட்டை வெளிப்பக்கம் வையுங்கள். எழுத்தின் உடம்பு தப்பிக்கும். ஆனாலும் சுழிக்குள் கோட்டின் நிறம் நிறையத்தான் செய்யும், பக்கத்து எழுத்துக்களும் நெருங்கி ஒட்டும்.

என் தெரிவு பட்டை. எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறத்தில், அல்லது லேசாக ஒளி ஊடுருவும் கறுப்பில் ஒரு பட்டை. மாமாங்கக் கோயில் கோபுரத்தை மறைக்கிறது என்று சிலர் குறைபடுவார்கள். அது நியாயமான குறைதான், கோபுரத்தை விட்டு விலக்கிப் பட்டையை வைத்தால் தீரும். வாவித் தண்ணீர் மினுங்கும் படத்தின்மேல் வேறு எந்த வழியிலும் சின்ன எழுத்து நிற்காது. எல்லோரும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதற்கான இணையத்தள அணுகல் நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் கேட்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1. மஞ்சளில் வெள்ளை அதன் கிட்டவும் வராது; மஞ்சளில் கறுப்பு தாராளமாகத் தாண்டும்.

முகப்புப் படமென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: வட்ஸ்அப் அதை வட்டமாக வெட்டிக் காட்டும். மூலையில் எழுதியது போய்விடும். பட்டை நடுப்பகுதியில் இருக்கட்டும்.

ஓரக்கோடு வெல்லும் இடம் ஸ்டிக்கர். 512 பிக்சல் சதுரம், பின்னணி கிடையாது, அசையாத ஸ்டிக்கர் 100 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். பார்ப்பவரின் திரை வெளிச்சமா இருட்டா என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் ஸ்டிக்கரைச் சுற்றி 8 பிக்சல் வெள்ளைக் கோடு போடும்படி வட்ஸ்அப்பே சொல்கிறது. அங்கே ஒரு சொல், இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள்.

எந்த வழியானாலும் மிகத் தடித்த எழுத்து வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் நடுத்தரத் தடிப்பு போதும், சுழிகள் திறந்திருக்கும். இடம் போதாவிட்டால் எழுத்தைச் சுருக்காமல் சொல்லைக் குறையுங்கள். ஊர்க்காரருக்கு ‘கல்லடி’ போதும், ‘மட்டக்களப்பு’ தேவையில்லை.

அப்புறம் நிறம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது ஜேபெக் (JPEG) வகைக் கோப்பாகச் சுருங்கும். ஜேபெக் வெளிச்ச வேறுபாட்டை நன்றாகக் காக்கும், நிற வேறுபாட்டைத்தான் அதிகம் குறைக்கும். பச்சையில் சிவப்பு எழுத்தின் விளிம்பு கரைவது அதனால்தான். பிஎன்ஜி (PNG) கோப்பை ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும், ஆனால் பலர் அதைத் திறக்கவே மாட்டார்கள். திருவிழாப் படத்துக்குச் சிவப்புத்தான் வேண்டுமென்று கேட்டால், சிவப்பைப் பட்டைக்குக் கொடுத்து எழுத்தை வெள்ளையாக விடுங்கள்.