ட்ரெக்கிங் பேக்கா, ட்ராவல் பேக்கா? முதுகு நீளத்தை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்

கொடைக்கானலுக்கு பஸ்ஸில் போய், வனத்துறை அனுமதியோடு வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நடந்தே இறங்குவது என்று வைத்துக்கொள்வோம். ஏறிய ஊருக்குத் திரும்பி வரப்போவதில்லை. அதனால் துணிமணியை லாட்ஜ் அறையில் விட்டுவிட்டு சின்னப் பையோடு கிளம்ப வழியில்லை. பஸ் ரேக்கில் வைத்த அதே பேக்தான் அத்தனை இறக்கத்திலும் முதுகில் இருக்கும். எனக்கு வாய்க்கிற பயணங்கள் பெரும்பாலும் இந்த ரகம். பழைய பேக்கை மாற்றும்போது இதை மனதில் வைத்துத்தான் தேடினேன்.

கடையில் இரண்டு வகைகளுக்கு இடையில்தான் போட்டி. ஒன்று, சூட்கேஸ் மாதிரி மூன்று பக்கமும் ஜிப் ஓடி முழுதாகத் திறக்கும் ட்ராவல் பேக். இன்னொன்று, மேல்பக்கம் மூடி வைத்து, கனமான இடுப்பு பெல்ட்டோடு வரும் ட்ரெக்கிங் பேக். லேப்டாப் பேக்கை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நாலைந்து கிலோ வரை தாங்கும், அதற்குமேல் தோள் விட்டுப்போகும். கொள்ளளவிலும் பெரிய விவாதம் தேவையில்லை. மூன்று நான்கு நாள் துணி, மழைக்கோட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் தீனி என்றால் 35 முதல் 40 லிட்டர் போதும். 60 லிட்டர் வாங்கினால் அதையும் நிரப்பத்தான் கை போகும்.

நான் வாங்கியது 40 லிட்டர் ட்ரெக்கிங் பேக். காரணம் ஒன்றே ஒன்று, இடுப்பு.

எட்டு, ஒன்பது கிலோவைத் தோளில் மட்டும் தொங்கவிட்டு நடந்தால் முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கழுத்தின் இரண்டு பக்கமும் இறுகத் தொடங்கும், உடம்பு தானாக முன்னால் குனியும். இறக்கத்தில் இப்படிக் குனிந்து நடப்பது முழங்காலுக்கும் கெடுதல், கால் வைக்கும் இடமும் சரியாகத் தெரியாது. அதே எடை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால் பெரும்பகுதியைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். தோள் பட்டைக்குப் பேக்கை முதுகோடு சேர்த்துப் பிடிக்கிற வேலை மட்டும் மிச்சம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றி நடந்து பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் பெல்ட் இருந்தால் மட்டும் போதாது, அது சரியான இடத்தில் உட்கார வேண்டும். அதைத் தீர்மானிப்பது ஆளின் உயரமல்ல, முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான இடம் வரை, முதுகெலும்பை ஒட்டி டேப் வைத்து அளக்க வேண்டும். தனியாக அளக்க முடியாது, வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். என் தம்பி என்னைவிட நல்ல உயரம், ஆனால் முதுகு என்னுடையதைவிடக் குட்டை. அவனுக்குக் கால்தான் நீளம். எனக்குப் பொருந்தும் அளவுள்ள பேக்கை அவன் மாட்டினால் பெல்ட் தொடைப் பக்கம் இறங்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ட்ராவல் பேக்குகள் பின்தங்குகின்றன. பலவற்றில் முதுகு ஒரே அளவுதான், மாற்ற வழியில்லை. இடுப்புப் பட்டை என்று ஒரு மெல்லிய நாடா இருக்கும். பேக் ஆடாமல் பிடித்துக்கொள்ளும், எடையை வாங்காது. ட்ரெக்கிங் பேக்குகளில் சுமாரான விலைக்கே தோள் பட்டையை ஏற்றி இறக்கும் வசதி வந்துவிட்டது. விளையாட்டுச் சாமான் விற்கும் டெக்கத்லானின் ஃபோர்க்லாஸ் வரிசையில் ஈஸிஃபிட் என்ற பெயரோடு வருபவை அப்படித்தான். ட்ராவல் பேக்கிலும் விதிவிலக்கு உண்டு. ஆஸ்ப்ரே என்ற பேக் நிறுவனத்தின் ஃபார்பாயிண்ட், பெண்களுக்கான ஃபேர்வியூ இரண்டிலும் நிஜமான இடுப்பு பெல்ட் இருக்கிறது, வேண்டாதபோது அதை ஜிப்புக்குள் மறைத்தும் வைக்கலாம். கையில் பணம் இருந்து, நடப்பதைவிட ஊர் சுற்றுவது அதிகம் என்றால் அது நல்ல தேர்வு.

கடையில் காலி பேக்கை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். காலியாக இருக்கும்போது எல்லா பேக்கும் சுகம்தான். விளையாட்டுச் சாமான் கடை என்றால் டம்பெல் இருக்கும், கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, ஏழெட்டு கிலோ உள்ளே வையுங்கள். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு முதலில் இடுப்பு பெல்ட்டை, இடுப்பெலும்பின் விளிம்பு அதன் நடுவில் வருகிற மாதிரி இறுக்குங்கள். பிறகு தோள் பட்டை. அதற்குப் பிறகு தோளுக்கு மேலே பேக்கோடு இணைக்கும் சின்ன நாடாக்களை லேசாக இழுங்கள், அவை சுமார் 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். கடைசியாக நெஞ்சுப் பட்டை. தோள் பட்டைக்கு அடியில் விரல் சுலபமாக நுழைந்தால் எடை இடுப்புக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியே கால்மணி நேரம் கடைக்குள் நடங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ட்ராவல் பேக்குக்கு உரிய பெருமையையும் சொல்ல வேண்டும். அடியில் கிடக்கும் சட்டையை எடுக்க மேலிருப்பதையெல்லாம் வெளியே கொட்டும் வேலை அதில் கிடையாது. ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளும்போது வெளியே தொங்கும் பட்டைகள் எங்கும் மாட்டாது. விமானத்தில் பொதுவாகக் கையோடு அனுமதிப்பது 7 கிலோ, 55, 35, 25 செ.மீ. அளவுகள் என்பதால், அந்தக் கட்டத்துக்குள் ட்ராவல் பேக் அழகாக அடங்கும். ட்ரெக்கிங் பேக்கில் முதுகுச் சட்டம் நீளமாக இருந்தால் இழுபறிதான். நான் பஸ், ரயில் ஆள். அதனால் இந்தக் குறை என்னை அதிகம் தொடவில்லை. அடிக்கடி பறப்பவர் வேறு முடிவெடுத்தால் அதில் நியாயம் உண்டு.

முதுகுப் பக்கம் வலையா, ஃபோமா என்பது அடுத்த கேள்வி. இழுத்துக் கட்டிய வலைக்கும் பேக்குக்கும் நடுவில் காற்று போகும். ஜெர்மனியின் டாய்டர் நிறுவனம் 1984-லேயே கொண்டுவந்த ஏற்பாடு இது, நம் வெயிலுக்கு மிகவும் ஒத்துவரும். என்றாலும் வலை, பேக்கை முதுகிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி வைப்பதால் எடை பின்னால் இழுக்கும். நான் தூக்கும் எட்டொன்பது கிலோவுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, வலையையே எடுத்தேன். பதினைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு இமயமலைப் பக்கம் போகிறவர்கள், அங்கே நடந்து பழகியவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அந்த எடையோடு நான் நடந்ததில்லை.

எந்தப் பேக் வாங்கினாலும் ரெயின் கவரை மட்டும் நம்பாதீர்கள். முதுகை ஒட்டிய பக்கத்தை அது மூடாது. கழுத்து வழியாக இறங்கும் மழைநீர் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போகும். உள்ளுக்குள் ஒரு தடித்த உறை போட்டு, அதற்குள் துணியை வைத்து வாயைச் சுருட்டிக் கட்டினால் கவலை இல்லை. ஊருக்கு வந்ததும் வியர்வை உப்புப் போகக் கையால் அலசி, நிழலில் காயவைத்துப் பிறகு எடுத்து வையுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம். ஈரக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் மூட்டை கட்டிப் பரணில் போட்டால் உள்பக்கப் பூச்சு சில வருடங்களில் பிசுபிசுத்து உரியத் தொடங்கும், அதற்கு மருந்து கிடையாது. வாயைத் திறந்து, காற்றாடுகிற இடத்தில் ஆணியில் தொங்கவிடுவதே போதும்.