டெக்னீஷியன்மாருக்கு யாவாரக் கணக்கு படிப்பிக்கிற கல்லடி கிளாஸ், காசு குடுத்துப் போகலாமா?

நேரா விசயத்துக்கு வாறன். மெசின், வயரிங், சொஃப்ட்வெயார் என்டு தொழில்ல கெட்டிக்காரரா இரிக்கிற ஆக்களுக்கு, அவங்க வேலை செய்ற இடத்துல காசு எப்படி வருது எப்படிப் போகுது என்டு விளங்கப்படுத்துற கிளாஸ் ஒன்டு மட்டக்களப்பு கல்லடியில நடக்குது. ரெண்டு சனிக்கிழமை, காலமை ஒன்பதுல இருந்து பின்னேரம் நாலு மட்டும், ஒராளுக்கு 7500 ரூபா, சாப்பாடு தேத்தண்ணி அதுக்குள்ளயே. நான் சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைகளுக்கு மெசின் சேர்விஸ் பண்ற இடத்துல வேலை, எங்கட பொடியனுகளோட நானும் போய் இருந்தன். போகலாம், காசுக்குப் பெறுமதி. ஆனா ஏலுமெண்டா முதலாளியையும் கூட்டிட்டுப் போங்க, ஏன் என்டு பிறகு சொல்றன்.

படிப்பிக்கிற மிஸ் முந்தி பேங்க்ல கடன் பகுதியில இருந்தவங்க, அதால ஆலைக்காரர், கடைக்காரர், கொந்தராத்துக்காரர் எல்லாரிட கணக்குப் புத்தகமும் பார்த்துப் பழகின ஆள். புத்தகத்துல இரிக்கிற விளக்கத்தச் சொல்லி நேரம் போக்கல்ல. வந்த உடனேயே எல்லாரும் கடைசியா எழுதின கொட்டேஷன எடுங்க என்டாங்க, அதுல இருந்துதான் முழு நாளும் போச்சு.

எனக்குச் சரியாப் பிடிச்ச இடம் கலர் சோர்ட்டர் கணக்கு. தெரியாதவங்களுக்குச் சொல்றன், இது அரிசியில கறுப்பு, பழுப்பு மணிய கமராவால கண்டுபிடிச்சு காத்தடிச்சு வெளிய தள்ளுற மெசின். சென்சிட்டிவிட்டிய கூட்டினா அரிசி பளிச்சென்டு வரும், ஆனா கெட்ட மணியோட சேர்த்து பக்கத்துல வாற நல்ல மணியையும் தள்ளிப் போடும். எங்கட பொடியன் ஒராள் "நான் செட் பண்ணினா ஒரு கறுப்பு மணி பார்க்க ஏலாது மிஸ்" என்டு சொன்னான், அவன்ட கைவேலை அப்படித்தான், பொய்யில்ல. மிஸ் அவனையே போர்ட்டுக்குக் கூப்பிட்டு கணக்குப் போட வெச்சாங்க. ஆலை ஒரு நாளைக்கு 10,000 கிலோ அரிசி விடுது, கழிவு 2 வீதத்துல இருந்து 3 வீதமாக் கூடினா 100 கிலோ மேலதிகமாப் போகுது, அதுல பெரும்பகுதி நல்ல அரிசி. அரிசி கிலோ 220, கழிவு 100 ரூபாவுக்குத்தான் போகும் என்டு வைப்பம், கிலோவுக்கு 120 நட்டம், ஒரு நாளைக்கு 12,000, மாசத்துல 25 நாள் ஓடினா 3 லட்சம். பொடியன் சோக்கட்டிய கையில வெச்சிட்டு அந்த 3 லட்சத்தையே பார்த்திட்டு நிண்டான். பிறகு மிஸ் சொன்னதுதான் முக்கியம், குறைக்கச் சொல்லவும் இல்ல கூட்டச் சொல்லவும் இல்ல, "தம்பி, இந்த அரிசிய வாங்குற ஆள் எவ்வளவு சுத்தத்துக்குக் காசு தாறார் என்டு ஆலை முதலாளி ஹாஜியாரிட்டக் கேட்டீங்களா?" என்டாங்க. கொழும்புக்கு பாக்கட்ல போற கீரிச்சம்பாவுக்கு ஒரு செட்டிங், ஊர்ச் சந்தைக்கு மூட்டையில போற நாட்டரிசிக்கு வேற செட்டிங். எங்கட ஆக்கள் ஒருத்தரும் இந்தக் கேள்விய கேட்டதே இல்ல, கேக்கச் சொல்லி ஒருத்தரும் அவங்களுக்குச் சொன்னதும் இல்ல.

ரெண்டாவது சனிக்கிழமை காசோட்டம். வருசத்துக்குரிய பன்னிரண்டு மாசத்தையும் போர்ட்டுல கீறி, பெரும்போக வெட்டு, சிறுபோக வெட்டு எங்க வருது, ஆலைக்காரர் எப்ப நெல்லுக்குக் கைக்காசு குடுக்கணும், கடைக்காரர் பிந்தின திகதி போட்டுத் தந்த செக் எப்ப காசா மாறும் என்டு அடையாளம் வெச்சுக் காட்டினாங்க. மாசி பங்குனியில ஆலைக்காரர்ட காசு முழுக்க நெல்லா களஞ்சியத்துல கிடக்கும், அந்த நேரம் போய் புது மோட்டர் போடணும் என்டா "பொறுங்க தம்பி" என்டுதான் சொல்லுவார், அது கஞ்சத்தனம் இல்ல. அதே மெசின் மாசியில ஒரு நாள் நிண்டா எவ்வளவு நட்டம், ஐப்பசியில நிண்டா எவ்வளவு என்டும் பார்த்தம், ஓவர்ஹோல் கொட்டேஷன எப்பக் குடுக்கணும் என்டு அப்பத்தான் பொடியனுகளுக்குத் தெளிவா விளங்கிச்சு. 2022 கடைசியில பேங்க் வட்டி 25 வீதத்துக்கு மேல போனத வெச்சு, பார்ட்ஸ தேவைக்கு மேல வாங்கி அடுக்கினா என்ன செலவு என்டும் காட்டினாங்க. 2024 ஜனவரியில இருந்து வற் (VAT) வரி 18 வீதம், அதச் சேர்த்த விலையா சேர்க்காத விலையா என்டு கொட்டேஷன்ல எழுதாம விட்டு பிறகு கஸ்டமரோட இழுபடுற கதை அங்க வந்த ஏசி ஆக்கள், சோலர் ஆக்கள் எல்லாரிட்டயும் இருந்திச்சு.

குறை இல்லாம இல்ல. குடுக்கிற நோட்ஸ் முழுக்க இங்கிலீசுல, வெளிநாட்டுப் பெரிய கொம்பனி உதாரணம், மிஸ் வாயால சொன்னதுல கால்வாசி கூட அதுல இல்ல. மத்தியானத்துக்குப் பிறகு வேறொராள் வந்து மேடையில எப்படிப் பேசுறது என்டு ஒரு மணித்தியாலம் எடுத்தார், அந்த நேரத்துக்கு இன்னும் ரெண்டு கொட்டேஷன் பார்த்திருக்கலாம். சொஃப்ட்வெயார் பொடியனுகள் சிலர் வந்திருந்தாங்க, அவங்கட வேலைக்குப் பொருந்துற உதாரணம் ஒன்டு ரெண்டுதான் வந்திச்சு, மாசக் கட்டணமா வாங்குறதா ஒரேயடியா வாங்குறதா என்ட கேள்விய தொட்டுட்டு விட்டாச்சு, பாவம்.

இப்ப முதலாளிய கூட்டிட்டுப் போகச் சொன்ன காரணம். டெக்னிக்கல் ஆக்களுக்கு யாவாரம் விளங்காது என்டு எங்கட பக்கம் கனபேர் சொல்றாங்க, எனக்கு அது பிழையாத்தான் படுது, கணக்கக் காட்டினாத்தானே விளங்கும்? என்னோட இருந்த ஒராள் முதல் கிளாஸ் முடிஞ்சு போய் அவர்ட ஒஃபிஸ்ல "நம்மட சேர்விஸ் பகுதியில லாபமா நட்டமா?" என்டு கேட்டிரிக்கார், அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு என்டு சொல்லிட்டாங்களாம். அப்படியான இடத்துல இந்தக் கிளாஸுக்கு அனுப்பி ஒரு பிரயோசனமும் இல்ல, முழுப் புத்தகத்தையும் திறக்க வேணாம், அந்தந்தப் பகுதிட வரவு, பார்ட்ஸ் செலவு, திரும்பப் போய்ச் செஞ்ச வேலை, வராத கடன், இந்த நாலையும் மாசத்துக்கு ஒருக்கா மேசையில வெச்சாப் போதும். நாங்க எங்கட இடத்துல இப்ப அப்படித்தான் வெக்கிறம். பொடியனுகள் கேக்கிற கேள்வியே மாறிட்டு, போன கிழமை ஒராள் "அண்ணே, இந்த ஆலைக்கு கடன்ல பார்ட்ஸ் போடுறதுக்கு முதல் பழைய பில் கட்டிட்டாங்களா என்டு பார்ப்பமா?" என்டு தானாவே கேட்டான்.

போறவங்க கல்குலேட்டரும், உண்மையா எழுதின ஒரு கொட்டேஷனும், அந்த வேலை முடிஞ்ச பிறகு போட்ட பில்லும் கொண்டு போங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறதுதான் பாதிப் படிப்பு. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கமிருந்து வாறவங்க மட்டக்களப்பு பஸ்ஸுல ஏறினா கல்லடிப் பாலத்துக்கு முதலே இறங்கலாம். நடத்துறவங்களுக்கு ஒரு வேண்டுகோள், நோட்ஸ தமிழ்ல அடிங்க, கல்முனையிலயும் ஒரு பேட்ச் வையுங்க, பெரும்போக வெட்டுத் தொடங்க முதல் வெச்சீங்க என்டா ஆலைப் பக்கத்து ஆக்கள் நிறையப் பேர் வருவாங்க.