டர்போ போச்சு என்றார்கள், கிழிந்திருந்தது ரப்பர் குழாய்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வாரம் இரண்டு தடவை காரில் போகிறவன் நான். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் என் டீசல் வண்டி நாலாவது கியரிலேயே லாரிகளைத் தாண்டிவிடும். போன ஆடி மாதம் அதே ஏற்றத்தில் மூன்றுக்கு இறக்கியும் திணறியது. மிதித்தால் சத்தம்தான் கூடியது, இழுவை இல்லை. பின்னால் கரும்புகை. மீட்டரில் ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

சேலத்தில் நல்ல பெயர் உள்ள ஒரு பட்டறையில் விட்டேன். (புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை.) முதலில் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது) சுத்தம் என்று 7,400 ரூபாய். ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி போனபோது டர்போவுக்கு, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிக்கு, காற்று வரும் பைப்பைக் கழற்றி, உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் ஆட்டிக் காட்டினார்கள். "பாருங்க சார், ஆடுது. பைப்பில் ஆயில் வேற இருக்கு. டர்போ போயிடுச்சு." ஆடியதை நானே கண்ணால் பார்த்தேன். அப்புறம் என்ன கேட்பது? 46,000 ரூபாய் கொடுத்தேன்.

அந்த ஆட்டம் ஒன்றுமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதந்தபடி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. இன்ஜின் நின்றிருக்கும்போது எண்ணெய் அழுத்தம் கிடையாது, அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் அசையத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்தால் அசைகிறதா, இறக்கைகள் உறையில் உரசிய தடம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். குழாயில் லேசான எண்ணெய்ப் பூச்சும் சகஜம், இன்ஜின் விடும் ஆவியோடு கலந்து வருவது அது.

புது டர்போ போட்டபின் ஒரு வாரம் வண்டி பறந்தது. எட்டாம் நாள் பழைய கதை. போன் செய்தால், "புது டர்போ செட் ஆகணும் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். என்னவோ புதுச் செருப்பு மாதிரி!

ஓமலூர் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வண்டியின் சென்சார் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐட்லிங்கில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் நூறு கிலோபாஸ்கலை (வெளிக்காற்றின் அழுத்தம்தான்) ஒட்டி நின்றது. மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தும் 130-ஐத் தாண்டவில்லை. "இருநூறைத் தொடணும் தம்பி. டர்போ தள்ளுற காத்து எங்கேயோ வெளியே போகுது" என்றார். திரும்பி வந்து காற்று உள்ளே போகும் வாயை அடைத்து, கம்ப்ரஸரில் அளவாகக் காற்று ஏற்றி, குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தார். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்குவது போலத்தான். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் கீழ் முனையில், கிளாம்ப்பை ஒட்டி நுரை பொங்கியது. அரை விரல் நீளக் கிழிசல். அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கும், சும்மா பார்த்தால் தெரியாது. உள்ளே வரும் காற்றை சென்சார் டர்போவுக்கு முன்பே அளந்துவிடுகிறது, அதற்கேற்ப டீசல் பாய்கிறது, காற்றோ வழியிலேயே போய்விடுகிறது. கரும்புகைக்குக் காரணம் அதுதான். டர்போ மாற்றியபோது குழாயைக் கழற்றி இறுக்கியதில் கிழிசல் ஒரு வாரம் மூடியிருந்திருக்கிறது.

குழாய் 1,650, கூலி 600. அன்று மாலையே ஸ்கேனர் 210 காட்டியது.

பட்டறைக்குப் போய்ப் பழைய டர்போவைக் கேட்டேன். "ஸ்கிராப்பில் போயிடுச்சு சார்." மாற்றிய அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டும், தப்பு என்னுடையதும்தான். ஓமலூர் அண்ணன் செய்தது போல் காற்று ஏற்றிப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா என்றதற்கு, "எங்க அனுபவத்தில் பார்த்தாலே தெரியும்" என்றார் மேனேஜர். பில்லில் டெஸ்ட் என்ற வார்த்தையே இல்லை. உங்களிடம் யாராவது டர்போவை ஆட்டிக் காட்டினால், முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், மிதித்து ஓட்டும்போது வரும் ஸ்கேனர் அளவைக் கேளுங்கள். இரண்டும் முடியாது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. கிழிந்த குழாய் பில்களோடு டிக்கியில் பத்திரமாக இருக்கிறது.