மானியம் எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்: எங்கள் முதியோர் சங்கத்துக்கு நடந்தது

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் செவ்வாய்க்கிழமைகளில் கூடும் ஒரு சிறிய தமிழ் முதியோர் சங்கத்துக்கு நான் செயலாளர். அங்கத்தவர்கள் விரும்பாததால் சங்கத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் நடந்ததை எழுதச் சொன்னதே அவர்கள்தான். அரசாங்க மானியம் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஓர் ஆலோசகரிடம் 2,260 டொலர் கொடுத்தோம். மானியமும் வரவில்லை, காசும் திரும்பி வரவில்லை. எங்கள் பெயரில் நாங்கள் பார்த்திராத ஒரு விண்ணப்பம் மட்டும் அரசாங்கத்துக்குப் போயிருந்தது.

எங்களில் அறுபது பேர் வரை இருக்கிறோம். முக்கால்வாசிப் பேருக்கு எழுபது வயதுக்கு மேல். ஆளுக்கு வருடம் 20 டொலர் சந்தா. அதில் மண்டப வாடகை, தேநீர், கோடையில் ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான். நல்ல ஒலிபெருக்கி வாங்கவேண்டும் என்று பல வருடங்களாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை. டப்லெட் பழக்கும் வகுப்பு ஒன்றும் வேண்டியிருந்தது. மூன்றாவது தேவைதான் முக்கியம். "உங்கள் பேரன் பொலிசில் பிடிபட்டுவிட்டான், உடனே காசு அனுப்புங்கள்" என்று வரும் தொலைபேசி மோசடியில் எங்கள் அக்கா ஒருவர் 4,000 டொலர் இழந்திருந்தார். இன்னொருவருக்கு அப்படி நடக்கக்கூடாது என்று ஒரு பட்டறை நடத்த நினைத்தோம்.

இதற்கெல்லாம் பொருத்தமான மானியம் உண்மையாகவே இருக்கிறது. மத்திய அரசின் "நியூ ஹொரைசன்ஸ் ஃபோர் சீனியர்ஸ்" திட்டம் முதியோரே முன்னின்று நடத்தும் சமூக வேலைகளுக்கு 25,000 டொலர் வரை கொடுக்கிறது. முதியோர் மீதான துஷ்பிரயோகம், பண மோசடி பற்றிய விழிப்புணர்வு அந்தத் திட்டத்தின் நோக்கங்களிலேயே இருக்கிறது. அதாவது நாங்கள் கேட்க நினைத்தது கேட்கக்கூடிய ஒன்றுதான்.

அந்த ஆலோசகரை ஒரு கலை விழாவில் சந்தித்தோம். நம்மவர், மரியாதையாகக் கதைப்பவர். அடுத்த செவ்வாயே கோப்பும் கையுமாகக் கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

"அன்ரி, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ. இருபத்தையாயிரம் நிச்சயம். உள்ளுக்குள்ள எனக்கு ஆக்களைத் தெரியும். நீங்கள் கையெழுத்து மட்டும் வைச்சால் போதும்."

தான் மானியம் எடுத்துக் கொடுத்த சங்கங்கள் என்று ஒரு பட்டியலையும் காட்டினார். பெயர், ஊர், தொகை எல்லாம் இருந்ததால் நம்பினோம். மத்திய அரசு தான் கொடுக்கும் மானியங்களை ஓபன் கனடா தளத்தில் எவரும் தேடிப் பார்க்கும்படி வெளியிடுகிறது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. ஒன்ராறியோ மாகாண அரசின் மானிய நிறுவனமான ஒன்ராறியோ ட்ரில்லியம் ஃபவுண்டேஷனும் அப்படி வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயர்களை அச்செடுத்து "நான் எடுத்துக் கொடுத்தது" என்று காட்டலாம். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பட்டியலில் இருந்த இரண்டு சங்கங்களை அழைத்தேன். ஒரு சங்கத்தில் அவரை யாரென்றே தெரியாது. மற்றதில் ஒருமுறை வந்து கதைத்தார், வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம் என்றார்கள். முதலிலேயே அழைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். முற்பணம் 2,000 டொலர், அதற்கு 13 வீதம் எச்.எஸ்.ரி. விற்பனை வரி 260 டொலர். மானியம் கிடைத்தால் அதில் 10 வீதம் அவருக்கு. பற்றுச்சீட்டில் வரி இலக்கம் இல்லை. வருடத்தில் 30,000 டொலருக்குக் குறைவாக உழைக்கும் சிறு வியாபாரி எச்.எஸ்.ரி.க்குப் பதிய வேண்டியதில்லை. பதியாதவர் அந்த வரியை அறவிடவும் முடியாது. பதிந்தவர் என்றால் இலக்கம் இருக்கும், அதை சி.ஆர்.ஏ. எனப்படும் கனடிய வரித் திணைக்களத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். எங்கள் பொருளாளர் ஐயா ஊரில் முப்பது வருடம் வங்கியில் வேலை செய்தவர். இலக்கம் எங்கே என்று அவர் கேட்டார். "அடுத்த பில்லில் போடுறன் ஐயா" என்று பதில் வந்தது. அடுத்த பில் வரவேயில்லை.

அந்த 10 வீதம் எங்கிருந்து வரும் என்று நான் கேட்டேன். "கிராண்ட் காசிலேயே எடுக்கலாம் அன்ரி, அதுக்கு வழி இருக்கு" என்றார். அந்த இடத்தில் நாங்கள் எழுந்திருக்க வேண்டும். மானியக் காசு சங்கத்துக்குக் கிடைக்கும் பரிசு அல்ல. ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, மண்டபத்துக்கு இவ்வளவு, பயிற்றுநருக்கு இவ்வளவு என்று விண்ணப்பத்தில் எழுதிய செலவுகளுக்காக, உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் பொதுப்பணம். முடிவில் கணக்கு ஒப்படைக்கவேண்டும். அதிலிருந்து தரகுக் காசு கொடுக்கவேண்டும் என்றால் செலவுப் பட்டியலில் எங்கேயோ பொய் எழுதினால்தான் முடியும். அவர் எழுதியுமிருந்தார்: "திட்ட ஒருங்கிணைப்பு, 2,500 டொலர்". மானியம் கிடைத்திருந்தால் அந்தப் பொய்க்குக் கீழே இருந்திருப்பது எங்கள் தலைவரின் கையெழுத்து. அவருக்கு 78 வயது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

நேர்மையாக விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் மணித்தியாலத்துக்கு இவ்வளவு அல்லது வேலைக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். கிடைக்கும் தொகையில் வீதம் கேட்பது அந்தத் தொழிலிலேயே தவறு. நிதி திரட்டுநர்களின் அமைப்பான அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் ப்ரொஃபெஷனல்ஸ் தன் ஒழுக்கக் கோவையில் அதைத் தடுத்திருக்கிறது. இதை ஆரம்பத்திலேயே அறிந்திருந்தால் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்துக்கே போயிருக்க மாட்டோம்.

எங்கள் பக்கப் பிழைகளையும் சொல்லவேண்டும். ஒன்றும் நிரப்பாத விண்ணப்பத்தில் நாங்கள் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். "மற்றதெல்லாம் நிரப்பி அனுப்புறன்" என்றார், விட்டுவிட்டோம். விண்ணப்பத்தில் தொடர்புக்குரிய மின்னஞ்சலாகத் தன்னுடையதைப் போட்டார். அரசாங்கத்தின் இணையக் கணக்கையும் அவரே திறந்தார், கடவுச்சொல் எங்களிடம் இல்லை. "உங்களுக்கேன் அன்ரி தொந்தரவு" என்று அவர் சொன்னபோது அதை ஓர் உதவியாகவே எடுத்துக்கொண்டேன்.

முடிவுத் திகதிக்கு முதல் நாள் "அனுப்பியாச்சு" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. விண்ணப்பத்தின் பிரதி கேட்டேன். பிறகு தருகிறேன் என்றார். இந்த மானியங்களுக்கு முடிவு வரப் பல மாதங்கள் எடுக்கும் என்பதால் பொறுத்திருந்தோம். பனிக்காலம் போய், மண்டபத்துக்கு வெளியே மரங்கள் துளிர்த்தபோதும் ஒரு கடிதமும் இல்லை. கடைசியில், இந்த விண்ணப்பங்களைக் கையாளும் மத்திய அரசின் சர்விஸ் கனடாவை நானே அழைத்தேன்.

தொலைபேசியில் வந்த அலுவலர் மிகவும் பொறுமையான பெண். கையொப்பமிட்டவர்களில் என் பெயரும் இருந்ததால் என்னுடன் கதைத்தார். எங்கள் விண்ணப்பத்தில் சில விபரங்கள் குறைவாக இருந்ததாகவும், அவற்றைக் கேட்டு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியதாகவும், பதில் வராததால் கோப்பை மூடியதாகவும் சொன்னார். எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் வாசித்தது ஆலோசகரின் முகவரி.

அந்த மின்னஞ்சல்களுக்கு அவர் பதில் எழுதாததால் எங்கள் ஒரு வருடமே வீணாய்ப் போனது. இதைச் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை. 4,000 டொலர் இழந்த அக்கா முன்வரிசையில் இருந்தார். "பிள்ளை, விடு" என்று என் கையைப் பிடித்தார்.

தலைவரின் கடிதத்தை அனுப்பித் தொடர்பு முகவரியை மாற்றிய பிறகு விண்ணப்பத்தின் பிரதி கிடைத்தது. முதல் பக்கத்தில் எங்கள் சங்கம். நான்காம் பக்கத்தில் "பிரம்டனில் எங்கள் ஆலய மண்டபத்தில் வாரந்தோறும் கூடும் முதியோர்" என்று இருந்தது. எங்களுக்கு ஆலயமும் இல்லை, பிரம்டனில் மண்டபமும் இல்லை. வேறு யாருக்கோ எழுதியதில் எங்கள் பெயரை மாற்றி ஒட்டியிருக்கிறார். பண மோசடிப் பட்டறை பற்றி ஒரு வரியும் இல்லை. நாங்கள் இரண்டு மணித்தியாலம் இருந்து சொன்ன எதுவுமே அதில் இல்லை.

அவரை அழைத்தேன். "அரசாங்கம் நிராகரிச்சால் நான் என்ன செய்ய, முற்பணம் திருப்பித் தரமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் இருக்கு" என்றார். நிராகரிக்கவில்லை, உங்கள் மின்னஞ்சலுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் போகாததால் மூடினார்கள் என்று நான் சொன்னதும் தொடர்பைத் துண்டித்தார். அதற்குப் பிறகு என் இலக்கத்தை எடுப்பதில்லை.

பத்து நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம்தானே என்று சிலர் கேட்டார்கள். வீட்டு வாசலில் விற்க வருபவர்களுடன் செய்யும் ஒப்பந்தங்களுக்கு ஒன்ராறியோவில் அப்படியான பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அது தன் வீட்டுத் தேவைக்கு வாங்கும் தனி ஆளுக்கு. எங்கள் ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில். அதனால் எங்களுக்கு இருப்பது சிறு வழக்கு நீதிமன்றம்தான்; 2,260 டொலர் அதன் வரம்புக்குள் வசதியாக அடங்கும், இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. காசோலையாகக் கொடுத்தது நல்லதாயிற்று, அதன் பிரதி வங்கியில் இருக்கிறது. கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் 1-888-495-8501 என்ற இலக்கத்தில் முறையிட்டிருக்கிறோம். தலைவர் முதலில் தயங்கினார். ஊர் என்ன சொல்லும், நம்ம பெடியன்தானே என்றார். அந்தத் தயக்கத்தில்தான் இவர்கள் அடுத்த சங்கத்துக்குப் போகிறார்கள் என்று பொருளாளர் ஐயா சொன்ன பிறகு சம்மதித்தார்.

இன்னொரு விடயத்தையும் எழுதியாக வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். முதல் நாளே அந்த ஆலோசகர், அறக்கட்டளைப் பதிவு இல்லாமல் ஒரு மானியமும் எடுக்க முடியாது, 3,500 டொலர் தந்தால் ஒரு மாதத்தில் அந்தப் பதிவு இலக்கத்தை எடுத்துத் தருகிறேன் என்று சொன்னார். நல்ல வேளை, எங்களிடம் அவ்வளவு காசு இல்லை. அவர் சொன்னதில் ஒன்றும் சரியில்லை. நியூ ஹொரைசன்ஸ் திட்டத்துக்கு அறக்கட்டளைப் பதிவு தேவையில்லை, இலாப நோக்கற்ற அமைப்பாக இருந்தால் போதும். ஒன்ராறியோ அரசின் முதியோர் சமூக மானியம் 1,000 முதல் 25,000 டொலர் வரை கொடுக்கிறது. அதற்கும் இலாப நோக்கற்ற அமைப்புகள் விண்ணப்பிக்கலாம். ஒன்ராறியோவில் இலாப நோக்கற்ற கூட்டுத்தாபனமாகப் பதிய அரசாங்கக் கட்டணம் 155 டொலர், குறைந்தது மூன்று இயக்குநர்கள் வேண்டும். அறக்கட்டளைப் பதிவு என்பது வேறு, அதை சி.ஆர்.ஏ. கொடுக்கிறது, விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை, பரிசீலிக்க மாதக்கணக்கில் எடுக்கும். நன்கொடைக்கு வரிப் பற்றுச்சீட்டு கொடுக்கவேண்டும் என்றால்தான் முக்கியமாக அது தேவை. சில தனியார் அறக்கட்டளைகள் பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் எங்களைப் போன்ற சங்கம் அங்கிருந்து தொடங்கவேண்டியதில்லை.

பதிவு எடுக்க முடியாவிட்டால், தனக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளையின் இலக்கத்தை "வாடகைக்கு" எடுக்கலாம் என்றும் அந்த ஆலோசகர் சொன்னார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓர் அறக்கட்டளை தன் பதிவு இலக்கத்தை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கவே கூடாது என்று சி.ஆர்.ஏ. தெளிவாகச் சொல்கிறது. கொடுத்தவர்களின் பதிவே பறிபோகலாம்.

இந்த முறை விண்ணப்பத்தை நாங்களே எழுதினோம். முதலில் சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் திறந்தோம்; கடவுச்சொல் மூன்று நிர்வாகிகளிடம் இருக்கிறது. விண்ணப்பதாரர் வழிகாட்டியைப் பொருளாளர் ஐயாவின் பேத்தி அச்செடுத்து வந்தாள். கேள்விகள் எல்லாம் அதிலேயே இருக்கின்றன: யார் பயன்பெறுவார்கள், முதியோர் திட்டத்தை எப்படி நடத்துவார்கள், என்ன செலவு. ஒவ்வொரு கேள்வியையும் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சத்தமாக வாசித்தோம். பதிலைத் தமிழில் சொன்னார்கள், அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். ஒலிபெருக்கிக்கு இரண்டு கடைகளில் விலை கேட்டு எழுத்தில் வாங்கினோம். புரியாத இரண்டு இடங்களுக்கு அந்தத் திட்டத்தின் இலக்கத்தையே அழைத்துக் கேட்டோம், இலவசமாக விளக்கினார்கள். மொத்தம் நான்கு செவ்வாய்க்கிழமைகள். பண மோசடிப் பட்டறை பற்றிய பகுதியை அந்த அக்காவே சொல்லச் சொல்ல எழுதினோம். தொலைபேசியில் வந்த குரல் எப்படி இருந்தது, வங்கியில் வரிசையில் நின்றபோது தன்னை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை என்பது வரை சொன்னார். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம், முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

இதே மாதிரி 10 வீத ஒப்பந்தம் உங்கள் சங்கத்தின் மேசைக்கும் வந்திருந்தால், கையெழுத்து வைக்க முதல் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ஆலோசகரின் பெயரை மறைத்து எங்களுடைய இரண்டு பக்கத்தையும் காட்டுகிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள் என்றால், விண்ணப்பத்தில் தொடர்புக்கு யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே அந்தத் திட்ட அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள். உங்களுடையது இல்லை என்றால் மாற்றச் சொல்லி உங்கள் தலைவரின் கையொப்பத்துடன் கடிதம் அனுப்புங்கள்.