கேபிள் மோடமும் லினக்ஸும்: நேரடி இணைப்பா, கடை ரவுட்டரா, லினக்ஸ் பெட்டியே ரவுட்டரா?

கேபிள் மோடம் வாங்கினால் பெட்டியின் மேல் விண்டோஸ், மேக் என்று போட்டிருக்கும். லினக்ஸ் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. கேபிள் வழி இணையத்துக்கான டாக்சிஸ் தரத்தை, கேபிள் நிறுவனங்களின் ஆய்வு அமைப்பான கேபிள்லேப்ஸ் 1997-ல் வெளியிட்ட நாளிலிருந்தே கோஆக்சியல் கம்பியின் பக்கம் நடக்கும் வேலை எல்லாம் மோடத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அலைவரிசையைத் தேடிப் பிடிப்பதும், நிறுவனத்தின் முனையில் இருக்கும் கருவியோடு பேசிப் பதிவுசெய்துகொள்வதும், அமைப்புக் கோப்பை இறக்கிக்கொள்வதும் மோடத்தின் பாடு. கணினியின் பக்கம் வருவது சாதாரண ஈத்தர்நெட். டிஎச்சிபி என்ற நெறிமுறை வழியாக ஒரு ஐபி முகவரி கேட்டு வாங்குவதுதான் லினக்ஸின் வேலை. எந்த லினக்ஸும் இதை டிரைவர் எதுவும் போடாமலே செய்யும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கேபிள்காரர் கொடுக்கும் நெட் பெரும்பாலும் ஃபைபராகவோ லேன் வயராகவோ வந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அது வேறு அமைப்பு. இங்கே பேசுவது டிவி கேபிளைப் போல் திருகிப் பொருத்தும் கோஆக்சியல் இணைப்பைப் பற்றி. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு இணையம் பெருமளவு இப்படித்தான் வருகிறது. நிறுவனம் மோடமும் ரவுட்டரும் சேர்ந்த ஒரே பெட்டியைக் கொடுத்திருந்தால், அதன் அமைப்புப் பக்கத்தில் பிரிட்ஜ் மோடு என்று இருப்பதை இயக்கிவிடுங்கள். அதன்பின் அதுவும் வெறும் மோடமாகவே நடந்துகொள்ளும்.

பொது ஐபி முகவரி வீட்டில் எந்தக் கருவியில் வந்து இறங்க வேண்டும்? மூன்று வழிகளையும் பிரிப்பது இந்தக் கேள்விதான்.

யூஎஸ்பியா, ஈத்தர்நெட்டா

இதை விரைவாக முடித்துவிடலாம். பழைய மோடம்களில் இரண்டு துளைகளும் இருக்கும். லினக்ஸ் கர்னலில் சிடிசி-ஈத்தர் என்ற டிரைவர் இருப்பதால் யூஎஸ்பி வழியாகவும் பல மோடம்கள் வேலை செய்யும். மைக்ரோசாஃப்டின் ஆர்என்டிஐஎஸ் முறையை மட்டும் பேசும் மோடம்களுக்கும் கர்னலில் டிரைவர் உண்டு. ஆனாலும் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை. அந்தக் காலத்து யூஎஸ்பி 1.1-ன் உச்சமே 12 எம்பிபிஎஸ். கணினியில் ஈத்தர்நெட் துளை இல்லையென்றால், யூஎஸ்பி 3 துளையில் செருகும் ஈத்தர்நெட் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ரியல்டெக் 8153 சிப் உள்ளவற்றை லினக்ஸ் செருகியவுடனே கண்டுகொள்ளும்.

முதல் வழி: கணினியை நேரடியாக மோடத்தில் செருகுவது

வீட்டில் ஒரே கணினி, வைஃபை தேவையில்லை என்றால் இதுவே எளிது. செருகியதும் இணைப்பு வர வேண்டும். வரவில்லையென்றால் பலரும் லினக்ஸைக் குறை சொல்கிறார்கள். "விண்டோஸ் மடிக்கணினியில் வந்தது, லினக்ஸ் கணினியில் வரவில்லை" என்பது வழக்கமான புகார். காரணம் பெரும்பாலும் மோடத்தின் நினைவுதான். மோடம் இயங்கத் தொடங்கிய பிறகு முதலில் பார்த்த கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணை) பிடித்துக்கொள்ளும். நிறுவனம் ஒரு வீட்டுக்கு ஒரே கருவி என்று வரம்பு வைத்திருந்தால், அடுத்து செருகும் கணினிக்கு முகவரி கிடைக்காது. மோடத்தின் மின்சாரத்தை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துச் செருகினால் தீர்ந்துவிடும். தொலைபேசி இணைப்பும் சேர்ந்த மோடம் என்றால் உள்ளே பேட்டரி இருக்கலாம். அதையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் மோடம் அணையவே அணையாது.

கிடைத்த முகவரியைப் பார்த்தே கோளாறு எங்கே என்று பாதி சொல்லிவிடலாம். 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி-க்கு யாரும் பதில் தரவில்லை. மேலே சொன்ன நினைவுப் பிரச்சினையை முதலில் சந்தேகியுங்கள். 192.168.100 என்று தொடங்கினால் மோடம் இன்னும் நிறுவனத்தோடு சேரவில்லை. அந்த நிலையில் சில மோடம்கள் தாங்களே ஒரு தற்காலிக முகவரியைக் கொடுக்கும். அப்போது லினக்ஸ் அமைப்புகளைக் கிளறுவதில் பயனில்லை. உலாவியில் 192.168.100.1 என்று தட்டினால் மோடத்தின் பக்கம் திறக்கும். டவுன்ஸ்ட்ரீம் சக்தி, அதாவது நிறுவனத்திலிருந்து வரும் சிக்னலின் பலம், பூஜ்யத்துக்கு அருகில், கூட்டல் கழித்தல் 7 டிபிஎம்வி-க்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தால் தளர்ந்த திருகையோ, தேவையில்லாத ஸ்ப்ளிட்டரையோ தேடுங்கள்.

இந்த வழியில் நான் உண்மையாகவே கவலைப்படுவது பாதுகாப்பைப் பற்றி. பொது முகவரி நேராக உங்கள் கணினியில் இருக்கிறது. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் இயங்கிக்கொண்டிருக்காது. டெபியனில் விதிகள் எதுவும் போடப்பட்டிருக்காது. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனில் ஃபயர்வால் ஓடும், ஆனால் அதன் இயல்பு மண்டலம் (விதித் தொகுப்பு) 1025 முதல் 65535 வரை எல்லாப் போர்ட்டுகளையும் திறந்தே வைத்திருக்கும். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்காக எடுத்த முடிவு அது. மோடத்தில் நேரடியாகச் செருகும்போது 'பப்ளிக்' மண்டலத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 2024 செப்டம்பரில் அச்சுப்பொறிகளைத் தேடும் கப்ஸ்-பிரவுஸ்ட் சேவையில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அது 631-ஆம் போர்ட்டில் எல்லா இடைமுகங்களிலும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. நேரடி இணைப்பில் ஃபயர்வால் இல்லாமல் இருந்த கணினிகளுக்கு அது நிஜமான ஆபத்து.

இரண்டாம் வழி: நடுவில் கடை ரவுட்டர்

வீட்டில் நாலைந்து கருவிகள் இருந்தால் பெரும்பாலோர் போகும் வழி. லினக்ஸ் கணினிக்கு இதில் வேலை குறைவு: ரவுட்டர் கொடுக்கும் உள்முகவரியை வாங்கிக்கொள்ளும், பாதுகாப்பையும் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். பழைய கணினியிலிருந்து ரவுட்டருக்கு மாறும்போது மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட மறக்காதீர்கள். அல்லது ரவுட்டரிலேயே பழைய மேக் முகவரியைப் போட்டுக்கொள்ளும் வசதி இருக்கும்.

குறை எங்கே என்றால், ரவுட்டரின் மென்பொருளை அதன் நிறுவனம் சில ஆண்டுகளில் கைவிட்டுவிடும். அதற்குப் பிறகு ஓட்டைகள் அப்படியே கிடக்கும். இதற்கு மாற்று ஓபன்டபிள்யுஆர்டி. லிங்க்சிஸின் டபிள்யுஆர்டி54ஜி என்ற ரவுட்டரிலிருந்து 2004-ல் கிளைத்த லினக்ஸ் அது. வாங்கும் முன்பே அது ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலில் உங்கள் ரவுட்டர் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு சிப்போடு விற்கும் ரவுட்டர்கள் உண்டு.

மூன்றாம் வழி: லினக்ஸ் பெட்டியே ரவுட்டர்

இரண்டு ஈத்தர்நெட் துளைகள் உள்ள ஒரு சிறிய கணினி போதும். ஒன்று மோடத்துக்கு, மற்றது வீட்டு ஸ்விட்சுக்கு. பாக்கெட்டுகளைக் கடத்த கர்னலில் ஃபார்வர்டிங்கை இயக்க வேண்டும், கர்னலின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில், உள்முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பும் மாஸ்கரேட் விதி ஒன்று, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் விதிகள் சில, உள்ளே முகவரி கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க். அவ்வளவுதான் அடிப்படை. வைஃபைக்குப் பழைய ரவுட்டரையே வைத்துக்கொள்ளலாம்: அதன் டிஎச்சிபி-யை அணைத்து, ஸ்விட்சிலிருந்து வரும் வயரை அதன் லேன் துளை ஒன்றில் செருகினால் அது வெறும் வைஃபை புள்ளியாகிவிடும். ராஸ்ப்பெரி பை 4-ல் ஒரே கிகாபிட் துளைதான், இரண்டாவதை யூஎஸ்பி 3-ல் சேர்த்துக்கொள்ளலாம். 3பி பிளஸ் வேண்டாம். அதன் ஈத்தர்நெட் யூஎஸ்பி 2 வழியாகப் போவதால் 300 எம்பிபிஎஸ் அளவிலேயே நின்றுவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? கேபிள் இணைப்புக்கே உரிய ஒரு நோய்க்காக. வட அமெரிக்காவில் கேபிளில் அப்லோடுக்கு ஒதுக்கிய இடம் நெடுநாளாக 5-லிருந்து 42 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே உள்ள பரந்த பகுதி எல்லாம் டவுன்லோடுக்கு. அதனால்தான் டவுன்லோடு ஒரு கிகாபிட் என்று விற்ற திட்டங்களிலும் அப்லோடு 35 எம்பிபிஎஸ் போலச் சுருங்கிக் கிடந்தது. யாராவது படங்களை மேகத்துக்கு ஏற்றத் தொடங்கினால் அந்தக் குறுகிய வழி நிரம்புகிறது. மோடத்தின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) பாக்கெட்டுகள் குவிந்து, அதே நேரத்தில் ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பவரின் குரல் வெட்டி வெட்டிப் போகிறது. யூனிக்ஸ், லினக்ஸ் வரைகலை அமைப்பான எக்ஸ் விண்டோவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ், தன் வீட்டுக் கேபிள் இணைப்பில் பெரிய கோப்பு போகும்போது தாமதம் ஒரு நொடியையே தாண்டுவதை 2010-ல் ஆராய்ந்து, இதற்குப் பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார்.

இதற்கு மருந்து லினக்ஸில்தான் முதலில் வந்தது. 2012-ல் கர்னல் 3.5-ல் எஃப்க்யூ-கோடெல், 2018-ல் கர்னல் 4.19-ல் கேக். இரண்டும் பாக்கெட் வரிசையை நிர்வகிக்கும் முறைகள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் எஃப்க்யூ-கோடெல் இயல்பாகவே ஓடுகிறது, ஆனாலும் பலன் தெரிவதில்லை. ஏனென்றால் வரிசை உங்கள் கணினியில் சேரவில்லை, மோடத்தில் சேர்கிறது. மோடத்துக்கு அனுப்பும் வேகத்தையே உண்மையான அப்லோடு வேகத்தைவிடச் சற்றுக் குறைத்தால்தான் வரிசை லினக்ஸின் கைக்கு வரும். அளந்து பார்த்த அப்லோடு 20 என்றால் கேக்கில் 18 என்று கொடுங்கள். கேக்கில் டாக்சிஸ் என்றே ஒரு தேர்வுச் சொல் இருக்கிறது. கேபிளில் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஏறும் 18 பைட் சுமையை அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். டவுன்லோடுக்கும் இப்படிச் செய்யலாம், அதற்கு ஐஎஃப்பி என்ற மெய்நிகர் இடைமுகம் ஒன்று கூடுதலாக வேண்டும்.

கடை ரவுட்டர்கள் பின்தங்குவது இந்த இடத்தில்தான். அவை கிகாபிட் வேகத்தை எட்டுவது தனி வன்பொருளின் குறுக்குவழியால். கேக்கை இயக்கினால் அந்தக் குறுக்குவழி மூடிவிடும், பாரம் முழுவதும் சிறிய செயலியின் மேல் விழும், வேகம் சரியும். வேகம் குறைந்த திட்டமாக இருந்தால் ஓபன்டபிள்யுஆர்டி போட்ட ரவுட்டரே தாங்கிவிடும். பல நூறு எம்பிபிஎஸ் என்றால் இன்டெல் என்100 போன்ற செயலி உள்ள பெட்டிக்குப் போவதுதான் சரி. டாக்சிஸ் 3.1 மோடம்களில் பை என்ற வரிசைக் கட்டுப்பாடு அப்லோடு பக்கம் உள்ளேயே இருப்பதால் நிலைமை முன்பைவிட நல்லது. பழைய 3.0 மோடம் வைத்திருப்பவர்களுக்குக் கேக் தரும் வித்தியாசத்தை அளந்து பார்க்கவே தேவையில்லை, காதுக்கே தெரியும்.

எந்த மென்பொருளால் அமைப்பது

மேசைக் கணினி என்றால் நெட்வொர்க்மேனேஜர். 2004-ல் ரெட் ஹேட் தொடங்கியது, இன்று கிட்டத்தட்ட எல்லா மேசை லினக்ஸிலும் வந்துவிட்டது. மேக் முகவரியை மாற்றிக் காட்ட வேண்டுமானால் ஈத்தர்நெட் பகுதியிலேயே அதற்கான கட்டம் இருக்கிறது. மோடத்தை அணைத்துப் போட்டும் முகவரி கிடைக்காதவர்கள், பழைய கணினியின் மேக் முகவரியை அதில் எழுதிப் பாருங்கள்.

ரவுட்டராக ஓடப்போகும் பெட்டிக்கு நான் சிஸ்டம்டி-நெட்வொர்க்டியைத் தேர்ந்தெடுப்பேன். ஓர் இடைமுகத்துக்கு ஒரு சிறு கோப்பு, கேக் அமைப்பைக்கூட அதற்குள்ளேயே எழுதலாம், ஐபிவி6 முன்னொட்டை (முகவரித் தொகுதியை) நிறுவனத்திடமிருந்து வாங்கி உள்ளே பிரித்துக் கொடுக்கவும் தெரியும். அமெரிக்கக் கேபிள் நிறுவனமான காம்காஸ்டின் வீட்டு இணைப்பில் /60 அளவுள்ள முன்னொட்டைக் கேட்டால் கிடைக்கும். அதில் 16 உள்வலைகள் பிரிக்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நெட்வொர்க்டி டிஎச்சிபி கேட்கும்போது மேக் முகவரியை அடையாளமாகக் காட்டுவதில்லை, கணினியின் உள் எண்ணிலிருந்து உருவாக்கிய வேறொரு அடையாளத்தைக் காட்டும். லினக்ஸை மறுபடி நிறுவினால் அது மாறும், நிறுவனத்தின் முனையில் புதுக் கருவி வந்ததாகத் தோன்றலாம். அடையாளம் மேக் முகவரியே என்று கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

டெபியனின் பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பு இன்னும் வேலை செய்கிறது, இரண்டே வரி போதும். ஆனால் பலகாலம் அதற்குப் பின்னால் உழைத்த டிஎச்கிளையன்ட் என்ற டிஎச்சிபி மென்பொருளை, அதைப் பராமரித்த ஐஎஸ்சி அமைப்பு 2022-லேயே கைவிட்டுவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. உபுண்டு சர்வரில் நெட்பிளான் என்ற அடுக்கு இருக்கும். அது கீழே நெட்வொர்க்டிக்கோ நெட்வொர்க்மேனேஜருக்கோ எழுதிக் கொடுக்கும் இடைத்தரகர் மட்டுமே. எதை எடுத்தாலும் ஒரே இடைமுகத்தை இரண்டு மென்பொருளிடம் ஒப்படைக்காதீர்கள். டெபியனில் இன்டர்ஃபேசஸ் கோப்பில் பெயர் எழுதிய இடைமுகத்தை நெட்வொர்க்மேனேஜர் தொடாமல் ஒதுங்கிவிடும்; வரைகலைப் பக்கத்தில் 'நிர்வகிக்கப்படவில்லை' என்று வருவதற்கு அநேகமாக இதுவே காரணம்.

வாங்கும்போது

ஒரே கணினி உள்ளவர்கள் ஃபயர்வாலை இயக்கிவிட்டு நேரடியாகச் செருகலாம். குடும்பமாக இருந்து, திட்டமும் நடுத்தர வேகம் என்றால் ஓபன்டபிள்யுஆர்டி ஓடும் ரவுட்டர். வீட்டிலிருந்து வேலை, வீடியோ அழைப்பு, குழந்தைகளின் விளையாட்டு எல்லாம் ஒரே நேரத்தில் என்றால் இரண்டு துளை லினக்ஸ் பெட்டியின் விலை வீண்போகாது.

மோடத்தையே புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் உள்ளே இருக்கும் சிப்பையும் பாருங்கள். இன்டெலின் பூமா 6 சிப் உள்ள மோடம்களில் தாமதம் திடீர் திடீரென்று எகிறுவது 2016 முதல் பரவலாகத் தெரிந்த விஷயம். ஆரிஸின் எஸ்பி6190-ல் இருப்பது அந்தச் சிப். அதைவிடக் கீழ்நிலை மாதிரியான எஸ்பி6183-ல் பிராட்காம் சிப். வரிசை மோடத்துக்கு வெளியே இருந்தால்தான் கேக்கால் எதுவும் செய்ய முடியும், சிப்புக்குள் எழும் தாமதத்தை அதனால் தொட முடியாது. பழைய மோடம் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பதற்கு முன் மாதிரி எண்ணைத் தேடிப் பாருங்கள். உங்கள் நிறுவனம் அனுமதித்த மோடம்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்பதையும் பணம் கட்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்; பட்டியலில் இல்லாத மோடத்தை அவர்கள் பதிவே செய்ய மாட்டார்கள்.